வேலூர் கண்ட ஐடா அம்மையார்

மாத்தளை மாவட்டத்தின் மலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறு வைத்தியசாலையில் நான் தாதியாகப் பணியாற்றிய காலம் அது. மழை கொட்டிய ஓர் இரவில், மகப்பேற்று விடுதியில் மூன்று பெண்களுக்கு ஒரே வேளையில் என் உதவி தேவைப்பட்டது. ஒருத்தி வலி தாளாமல் அலறினாள். மற்றொருத்தியின் சிசு பால் குடியாமல் வீரிட்டது. அந்தி வேளையில் மகவீன்ற மூன்றாமவள், சுவரை நோக்கி ஓசையின்றிக் கிடந்தாள். அலறியவளிடமே நான் ஓடினேன். ஓசையற்றவளின் நெற்றி குளிர்ந்து வியர்த்திருப்பதையும், போர்வைக்கடியில் குருதி பெருகுவதையும் முதலிற் கண்டவள் எங்கள் சிற்றூழியப் பெண். அவள் கூவியழைத்த பின்னரே நான் நாடியைத் தொட்டேன்; அது நூலிழை போல் மெலிந்து விரைந்தோடியது. நான் கருப்பையை அழுத்திப் பிசைந்தேன். தோழி ஒருத்தி ஊசி மருந்தேற்றினாள். சிற்றூழியப் பெண் வைத்தியரை அழைத்துவர மழையில் ஓடினாள். அத்தாய் பிழைத்தாள்.

அன்று முதல் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றை நான் வேறு கண்கொண்டு படிக்கலானேன்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் தமிழகத்து இராணிப்பேட்டையில் பிறந்தார். அவர்தம் பாட்டனாரான ஜோன் ஸ்கடர், 1820ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியத் தொண்டு தொடங்கிப் பின்னர் சென்னை சென்றவர். ஆதலின் அக்குடும்பம் ஈழத் தமிழர்க்கும் அந்நியமானதன்று. எனினும் இளமையில் ஐடாவுக்குத் தந்தையின் வழியில் நாட்டம் இல்லை. அமெரிக்காவில் இனிதே வாழவே அவர் விரும்பினார். நோயுற்ற தாய்க்குத் துணையாகவே 1890களின் தொடக்கத்தில் திண்டிவனம் வந்திருந்தார்.

அங்கே ஓரிரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவருடைய மனைவியரும் பிள்ளைப்பேற்று வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை கைதேர்ந்த வைத்தியர்; ஆயினும் அந்நிய ஆடவர் தம் மனைவியரைத் தீண்டுவதற்கு அவர்கள் இசையவில்லை. ஐடா பெண், ஆனால் வைத்தியம் அறியாதவர். பொழுது புலர்ந்தபோது அம்மூன்று பெண்களும் மாண்டிருந்தனர்.

இதனை இரக்கத்தின் கதை என்றே நான் முன்னர் எண்ணியிருந்தேன். இரக்கம் அன்றிரவும் ஐடாவிடம் இருந்தது. எனக்கும் என் விடுதியில் அது குறைவின்றி இருந்தது. அவருக்கு இல்லாதிருந்தது பயிற்சி. எனக்கு இல்லாதிருந்தது எதனை முதலிற் காண்பது என்னும் தெளிவு. உயிர் ஊசலாடுபவள் பெரும்பாலும் அலறுவதில்லை. அலறுவதற்கும் வலிமை வேண்டும் என்பதைப் பாடப்புத்தகத்தில் நான் படித்திருந்தும், அந்த இரவில்தான் கற்றுக்கொண்டேன்.

ஐடா அமெரிக்கா மீண்டு வைத்தியம் பயின்று, 1899ஆம் ஆண்டு கோர்னல் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். 1900ஆம் ஆண்டு வேலூர் வந்தார். அவ்வாண்டிலேயே தந்தையை இழந்தார். சிறியதோர் அறையே அவருக்கு முதல் மருத்துவமனை. முதல் அறுவைச் சிகிச்சையின்போது அவருக்கு உதவி நின்றவர், வீட்டுப் பணியாளரின் மனைவி ஒருவரே. 1902ஆம் ஆண்டு 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

இங்கேதான் அம்மையாரின் பேரறிவு விளங்குகிறது. தாம் எத்துணை உழைப்பினும் ஒரே வேளையில் மூன்று வீடுகளுக்குச் செல்ல இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே 1909ஆம் ஆண்டு தாதியர் பயிற்சிப் பள்ளியையும், 1918ஆம் ஆண்டு பெண்களுக்கான வைத்தியப் பள்ளியையும் நிறுவினார். முதல் அணியின் 14 மங்கையரும் 1922ஆம் ஆண்டு தேர்வில் ஒருங்கே தேறினர். சாலையோர மரநிழலிலும் அவருடைய மருத்துவம் நடந்தது. புண் கழுவிக் கட்டுபவரும், மருந்து கொடுப்பவரும், நோய் காண்பவரும் தத்தம் பணியைப் பகிர்ந்து செய்தாலன்றி அத்தகைய கூட்டத்தைப் பொழுது சாயுமுன் பார்த்து முடித்தல் எவராலும் ஆகாது. 1946ஆம் ஆண்டு தாதியர் கல்வி வேலூரிற் பட்டப் படிப்பாக உயர்ந்தது. 1960ஆம் ஆண்டு மே மாதம், 89ஆம் வயதில், கொடைக்கானலில் அம்மையார் மறைந்தார்.

நான் பணி ஓய்வு பெற்று ஆண்டுகள் பல சென்றுவிட்டன. அவ்விரவுக்குப் பின், பணி ஏற்கும் போதெல்லாம் ஓசையற்ற கட்டிலுக்கே முதலிற் செல்வதும், சிற்றூழியர் கண்டது யாது எனக் கேட்டறிவதும் என் வழக்கமாயின. மழையில் நனைந்து திரும்பிய அப்பெண்ணுக்கு அன்று நான் ஒரு நன்றி மொழியும் கூறவில்லை. அவளைத் தேடிச் சென்று அதனைக் கூறியது மறுவாரம்தான்.