பெயர்களைப் புதைத்து வைத்த இரேனா அம்மா

போலந்து நாட்டில் வாழ்ந்து மறைந்த இரேனா செண்ட்லர் அம்மாவைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அவர் 1910 பிப்ரவரி 15-ஆம் தேதி வார்சா நகரத்தில் பிறந்தார். அப்பா டாக்டர். காசு இல்லாத யூத ஏழைகளுக்கும் முகம் சுளிக்காமல் வைத்தியம் பார்த்தவர். டைபஸ் காய்ச்சல் பரவினபோது நோயாளிகளிடமிருந்து அவருக்கும் ஒட்டிக்கொண்டு 1917-ல் இறந்துபோனார். அப்போது இரேனாவுக்கு ஏழு வயசு. அந்த நன்றியை மறக்காத யூத மக்கள், பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்வதாகத் தாயாரிடம் சொன்னார்களாம்.

வளர்ந்த பிறகு இரேனா அம்மா வார்சா நகராட்சியின் சமூக நலத்துறையில் வேலை பார்த்தார். 1939 செப்டம்பரில் ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. மறு வருடம் வார்சாவில் இருந்த யூதர்களை ஒரே பகுதிக்குள் தள்ளி, சுற்றிலும் சுவர் எழுப்பி அடைத்துவிட்டார்கள். அதற்கு கெட்டோ என்று பெயர். உள்ளே 4 லட்சத்துக்கும் மேலான ஜனங்கள். சாப்பாடு இல்லாமலும் காய்ச்சலிலும் தினமும் சாவு. யூதர்களுக்கு உதவி செய்தால் மரண தண்டனை என்று உத்தரவும் போட்டார்கள்.

அப்பாவின் உயிரைக் குடித்த அதே டைபஸ்தான் மகளுக்கு உள்ளே போக வழி காட்டியது. அந்தக் காய்ச்சல் தங்களுக்கும் பரவிவிடும் என்று ஜெர்மன்காரர்களுக்குப் பயம். அதனால் சுகாதார வேலைக்கு வருகிறவர்களை உள்ளே விட்டார்கள். இரேனா அம்மா அந்த அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு சாப்பாடும் மருந்தும் துணிமணியும் கொண்டுபோனார். பிறகு அவரும் கூட வேலை செய்த பெண்களும் குழந்தைகளை வெளியே கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஆம்புலன்ஸில் மறைத்து, மூட்டையில் வைத்து, சாக்கடைச் சுரங்கம் வழியாக, இப்படிப் பல விதமாக.

1942 ஜூலையிலிருந்து கெட்டோ ஜனங்களை ரயிலில் ஏற்றி, ட்ரெப்ளிங்கா என்ற கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். இரண்டே மாதத்தில் இரண்டரை லட்சம் பேருக்கும் மேல் போனார்கள். வெளியே போனால் பிள்ளை பிழைக்குமா என்று தாய்மார்கள் இரேனா அம்மாவிடம் கேட்டார்கள். உறுதி சொல்ல முடியாது என்று உண்மையைத்தான் அவர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு பிள்ளையை எடுத்துக் கொடுத்த தாயை நினைத்தால், எழுதுகிற எனக்கே கை நடுங்குது.

எல்ஷ்பியேத்தா என்ற ஆறு மாதக் குழந்தையை மரப்பெட்டியில் வைத்து, லாரியில் செங்கல்லுக்கு நடுவே கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு வெள்ளி ஸ்பூன். அதில் குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும் பொறித்திருந்தது. பெற்றவர்கள் கொடுத்தனுப்பிய சீர் அவ்வளவுதான்.

வெளியே வந்த குழந்தைகளுக்குப் புதுப் பெயர் வைத்து, போலந்துக் குடும்பங்களிலும் கன்னியர் மடங்களிலும் அநாதை இல்லங்களிலும் சேர்த்தார்கள். ஜெகோட்டா என்ற ரகசிய அமைப்பில் குழந்தைகள் பிரிவுக்கு இரேனா அம்மா பொறுப்பேற்றார். இவர்கள் எல்லோரும் சேர்ந்து காப்பாற்றிய குழந்தைகள் சுமார் 2,500 பேர் என்கிறார்கள்.

உயிரைக் காப்பாற்றியதோடு அவர் விட்டுவிடவில்லை. குழந்தையின் சொந்தப் பெயர், புதுப் பெயர், இருக்கும் இடம் எல்லாவற்றையும் மெல்லிய தாளில் எழுதி வைத்தார். 1943 அக்டோபரில் ரகசிய போலீஸ் வீட்டுக்கு வந்தபோது, கூட இருந்த தோழி அந்தத் தாள்களை உள்ளாடைக்குள் ஒளித்துக்கொண்டார். இரேனா அம்மாவைப் பாவியாக் ஜெயிலில் போட்டுச் சித்திரவதை செய்தார்கள். ஒரு குழந்தையின் பெயரும் அவர் வாயிலிருந்து வரவில்லை. மரண தண்டனையும் விதித்தார்கள். ஜெகோட்டா ஆட்கள் லஞ்சம் கொடுத்து அவரை மீட்டார்கள். அவர் செத்துவிட்டதாகவே ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதன் பிறகு அவரும் வேறு பெயரில் ஒளிந்துதான் வாழ்ந்தார்.

அந்தத் தாள்களைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, தோழி வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள் மரத்தடியில் புதைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் தோண்டி எடுத்து, யூதர் அமைப்பிடம் கொடுத்தார்கள். பெரும்பாலான குழந்தைகளைப் பெற்றவர்கள் அதற்குள் ட்ரெப்ளிங்காவில் இறந்திருந்தார்கள். ஆனாலும் தான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்ள அந்தத் தாள் இருந்தது. எல்ஷ்பியேத்தாவுக்கு 17 வயசில்தான் தன் கதை தெரிந்தது. அந்த ஸ்பூன் அவரிடமே இருந்தது.

1965-ல் இஸ்ரேல் நாடு இரேனா அம்மாவைக் கௌரவித்தது. 2008 மே 12-ஆம் தேதி, 98-ஆவது வயதில் காலமானார்.

சகோதரிகளே, பெயர் எழுதி வைப்பது சின்ன வேலைதானே என்று நினைக்கிறோம். அதற்காக ஒருத்தர் உயிரையே பணயம் வைத்திருக்கிறார். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைகளிடம் தாத்தாவைப் பெற்ற பாட்டியின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.