450 வோல்ட் 'ஷாக்' சோதனை: யார் இந்த ஸ்டான்லி மில்கிராம்?

மேலதிகாரி சொன்னால், முன்பின் தெரியாத ஒருத்தருக்கு கரண்ட் ஷாக் கொடுப்பீங்களா? மாட்டேன்னுதான் எல்லாரும் சொல்வோம். அதைச் சோதித்துப் பார்த்தவர் ஸ்டான்லி மில்கிராம்.

1933-ல் நியூயார்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜிக்களின் கொலைகளுக்குச் சாதாரண மனிதர்கள் எப்படித் துணைபோனார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை.

1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வகச் சோதனை தொடங்கினார். ஆய்வகச் சோதனைன்னா, சூழல் முழுக்க ஆய்வாளர் கையில் இருக்கும். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் ஷாக் கொடுக்கணும். தவறுக்குத் தவறு வோல்ட் ஏறும். உண்மையில் ஷாக்கே கிடையாது. அவர் சுவரைத் தட்டியதும் நடிப்பு. இது தெரியாமலேயே 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். கட்டளை போனில் வந்தபோது கீழ்ப்படிந்தவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள்.

அடுத்தது களச் சோதனை; இது மக்கள் நடமாடும் இடத்திலேயே நடப்பது. நியூயார்க் நடைபாதையில் சிலரை நிறுத்தி, எதிர்க் கட்டட ஜன்னலை அண்ணாந்து பார்க்க வைத்தார். பார்ப்பவர்கள் கூடக் கூட, போகிறவர்களும் அண்ணாந்தார்கள்.

ஆனா ஷாக் சோதனையில் பலர் வியர்த்து நடுங்கினார்கள். அறிவியலுக்காக மனிதரை இப்படி ஏமாற்றலாமா என்று கண்டனம் எழுந்தது. 1984-ல், 51 வயதில் மில்கிராம் இறந்தார். இன்று அதே சோதனையை அப்படியே நடத்த ஆய்வு நெறிமுறைகள் அனுமதிக்காது. அவர் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் நம்மை விடவில்லை.