கல்லுக்குள் நண்டு பார்த்தவர்

நம்ம வாணியம்பாடிக்காரர்களுக்குச் சுண்ணாம்பு புதிசில்லை. பச்சைத் தோலில் முடி கழல டேனரித் தொட்டியில் போடுகிறோமே, அதேதான். அதற்கு மூலமான சுண்ணாம்புக்கல், பெரும்பாலும் பழங்காலக் கடலடியில் சேர்ந்த சிப்பி, சங்கு ஓடுகளின் படிவு. அந்தக் கல்லைப் படிப்பதிலேயே ஆயுளைச் செலவிட்ட ஒருவரைப் பற்றி இந்த மலரில் நாலு வார்த்தை எழுத ஆசை.

பெர்டினாண்ட் ஸ்டொலிச்கா 1838-ல், இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த மொராவியாவில் பிறந்தார். வியன்னாவில் படித்தார். 1862-ல் கல்கத்தா வந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அப்போது வயது 24. நம் திருச்சி, அரியலூர்ப் பக்கம் ஹென்றி பிளான்போர்டும் சகாக்களும் திரட்டிய புதைபடிவங்களை இனம் பிரித்து எழுதும் வேலை அவரிடம் வந்தது. 1873-க்குள் 4 பெரிய தொகுதிகள் முடிந்தன. பெரும்பகுதி அவர் கைப்பட எழுதியது.

இதற்கு நடுவில், 1871-ல், சிந்து, கட்ச் பகுதிகளில் கிடைத்த கல்லான நண்டுகளைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வு வெளியிட்டார். நண்டு கல்லாவது சுலபமில்லைங்க. செத்ததும் கால் ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம் போய்விடும். சேறு சீக்கிரம் மூடினால்தான் தப்பும். பல சமயம் மிஞ்சுவது முதுகு ஓடும் கொடுக்கும் மட்டுமே. ஓட்டின் மேடு பள்ளத்தை வைத்துத்தான் இனம் சொல்லணும்.

மனுஷர் மேஜையோடு நிற்கவில்லை. 1864-லும் 1865-லும் இமயமலை ஏறினார், உடம்பு கெட்டது. ஆனாலும் 1873-ல் யார்க்கண்ட் தூதுக்குழுவோடு கிளம்பினார். திரும்பும் வழியில், காரகோரம் கணவாய் தாண்டி, லடாக்கின் முர்கோவில் 1874 ஜூன் 19 அன்று காலமானார். வயது 36. கல்லறை லேயில் இருக்கிறது.

எனக்கும் இப்போது 36 நடக்கிறது. அதனால்தானோ என்னவோ, அந்த எண் மனசை உறுத்துகிறது. ஆனால் அவர் தனியாளாகச் சாதிக்கவில்லை. யாரோ வெயிலில் கல் பொறுக்கி, எந்த ஊரில் எடுத்தது என்று குறித்து வைத்தார்கள்; அவர் பொறுமையாகப் பார்த்தார்.

இன்று அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. அரைபட்ட பிறகு கடலின் கதையை எதில் படிப்பது? தம்பி, தங்கைகளே, அந்தப் பக்கம் போனால் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். வித்தியாசமான கல் கண்ணில் பட்டால், கிடைத்த இடத்தை எழுதி, விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். இடம் தெரியாத கல் பாதி ஊமை.