தோளில் கிடக்கும் துண்டு

தண்ணீர் கேட்கப் போனவர் தண்ணீர் சுமந்தார்! ஹென்றி டுனாண்டின் வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்வதென்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

1828இல் ஜெனீவாவிலே, வசதியான வீட்டிலே பிறந்தவர். வியாபாரி. பிரெஞ்சுக்காரர் பிடித்து வைத்திருந்த அல்ஜீரியாவில் மாவாலை நடத்தத் தண்ணீர் உரிமை வேண்டும். மூன்றாம் நெப்போலியனிடமே கேட்டுப் பெறலாம் என்று, போர் நடந்துகொண்டிருந்த வட இத்தாலிக்குப் புறப்பட்டார். அடிமை நாட்டில் ஆதாயம் தேடியவரா என்று முகம் சுளிக்கிறீர்களா, தோழர்களே? ஆம், அவரேதான்.

1859 ஜூன் 24. சொல்ஃபெரினோ களம். ஒரு பக்கம் பிரான்சும் சார்டினியாவும், மறுபக்கம் ஆஸ்திரியா. பொழுது சாய்வதற்குள் மாண்டோரும் காயம்பட்டோருமாக ஏறத்தாழ 40,000 பேர்! மன்னர்கள் கூடாரம் திரும்பினர். ஏழைத் தாய் பெற்ற பிள்ளைகள் மண்ணிலே கிடந்தனர். அருகே காஸ்டிலியோனே என்றோர் ஊர். அதன் தேவாலயங்களெல்லாம் காயம்பட்டோரால் நிரம்பின. மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலர்.

டுனாண்ட் மருத்துவம் கற்றவரல்லர். வெயிலுக்கென உடுத்தியிருந்த வெள்ளை உடையோடு உள்ளே நுழைந்தார். ஊர்ப் பெண்களைத் திரட்டினார். சிறுவர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தனர். எந்த நாட்டுச் சீருடை என்று அந்தப் பெண்கள் கேட்டார்களா? இல்லை! எதிரிக்கும் அதே தண்ணீர், அதே கட்டு. ஆனாலும், பிழைத்திருக்க வேண்டிய பலர் பிழைக்கவில்லை. அன்பு இருந்தது, பயின்ற கை இல்லை. அமைதிக் காலத்திலேயே தொண்டர்களைப் பயிற்றி வைக்க வேண்டும் என்று 1862இல் சொந்தச் செலவில் நூல் எழுதினார். 1863இல் செஞ்சிலுவை பிறந்தது. 1864இல் ஜெனீவா ஒப்பந்தம். இங்கிலாந்திலே 1877 முதல் செயின்ட் ஜான் சங்கம், சுரங்கத் தொழிலாளிக்கும் ரயில்வே தொழிலாளிக்கும் முதலுதவி கற்பித்தது.

அவரோ 1867இல் திவாலாகி, வறுமையில் உழன்று, ஹைடன் என்னும் மலையூரில் ஒதுங்கினார். மறந்த உலகுக்கு 1895இல் அவரை நினைவூட்டியவர் ஒரு பத்திரிகைக்காரர். நம் தொழிலுக்குச் சற்றே பெருமை! 1901இல் முதல் நோபல் அமைதிப் பரிசில் பாதி அவருக்கு. 1910இல் மறைந்தார்.

மலையூர் என்றதும் நமக்குப் போடிநாயக்கனூர் நினைவுக்கு வருகிறது. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, ஏலத்தோட்டத்திற்குக் கூலிக்குப் போகிற ஊர். அங்கேதான் 1989இல் சாதியின் பெயரால் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. இன்றும் திருவிழாவில், மதுக்கடை வாசலில் வாய்ச்சண்டை முற்றினால் அரிவாள் பேசுகிறது. ஒருவன் சாய்கிறான். கூட்டம் சூழ்கிறது, படம் எடுக்கிறது, கை வைப்பதில்லை! போலீஸ் விசாரணைக்கு அஞ்சுகிறவன் ஒருவன்; விழுந்தவன் எந்தத் தெரு என்று பார்க்கிறவன் மற்றொருவன். சாலை விபத்தில் உதவியவரைப் பெயர் சொல்லக்கூடக் கட்டாயப்படுத்தக் கூடாதென்று 2020 முதல் விதி இருக்கிறது. வெட்டுப்பட்டவனைத் தூக்குகிறவனுக்கும் அந்தக் காப்பு வேண்டுமென்று நாம் கேட்கிறோம்.

பெரிய குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். 108 வண்டி வரும்வரை என்ன செய்வது? மேல்சாதியான் எதிரே இடுப்பில் கட்டச் சொன்ன துண்டைத் தோளுக்கு ஏற்றியது நம் இயக்கம். அந்தத் துண்டை எடு. மடித்துக் காயத்தின்மேல் வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்து. எடுத்து எடுத்துப் பார்க்காதே. நனைந்தால் அதன்மேலேயே இன்னொரு துணி. கத்தி செருகி நின்றால் பிடுங்காதே. அதைச் சுற்றி அழுத்து. காப்பித்தூள், மண் எதுவும் அப்பாதே. சோடா வாங்கி ஊற்றாதே.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இளஞ்செஞ்சிலுவை இருக்கிறது. பள்ளியை விட்டு ஜீப்பில் ஏறிய பையனுக்கு யார் இருக்கிறார்கள்? அவன் கைக்குத்தான் அரிவாளும் எளிதில் வருகிறது. நம் படிப்பகங்கள் இருக்கின்றனவே! ஞாயிறு மாலை ஒரு மணி நேரம், முதலுதவி தெரிந்த ஒருவரை அழைத்து உட்காரவைப்போம். இந்தத் தெருப் பையன் அந்தத் தெருப் பையனின் கையில் கட்டுப் போட்டுப் பழகட்டும். அடுத்த வாரம் அவன் இவனுக்கு.