ரத்தசோகை மாத்திரைக்குப் பின்னால் ஒரு பெண்: குன்னூரிலும் சென்னையிலும் வேலை பார்த்த லூசி வில்ஸ் யார்?

செஞ்சி ராஜகிரி கோட்டையின் உயரம் சுமார் 800 அடி. குடும்பமாக மலை ஏறுபவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பிள்ளைகள் மேலே ஓடிவிடுவார்கள், அப்பாக்கள் போன் எடுத்து போட்டோ பிடிப்பார்கள், அம்மாக்கள் பாதி வழியில் ஒரு படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு இருப்பார்கள். வயசாயிடுச்சு, அதான் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நாமும் தலையாட்டிவிட்டு மேலே போய்விடுவோம்.

பல நேரம் காரணம் வயசு இல்லை, ரத்தம். தேசிய குடும்ப நல ஆய்வின் 5-வது சுற்றுப்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதாவது இரண்டு பேரில் ஒருவருக்கு மேல்.

இதற்காகத்தான் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்கு ஒரு சிவப்பு மாத்திரை தருகிறார்கள். நம்ம ஊரில் எல்லாரும் அதை சத்து மாத்திரை என்பார்கள். அதில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். இரும்பு எல்லாருக்கும் தெரியும். இந்த ஃபோலிக் அமிலம் எங்கிருந்து வந்தது? அதன் கதையில் குன்னூர் வருகிறது, சென்னை திருவல்லிக்கேணி வருகிறது, மலை ஏறுவதை ரொம்ப விரும்பிய ஒரு பெண்ணும் வருகிறார். பெயர் லூசி வில்ஸ்.

படித்தார், பட்டம் கிடைக்கவில்லை

லூசி வில்ஸ் 1888 மே 10-ம் தேதி இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே சட்டன் கோல்ட்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். அரிவாள் போன்ற வெட்டுக் கருவிகள் செய்யும் தொழில் குடும்பம், வசதிக்குக் குறைவில்லை. 1907-ல் கேம்பிரிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் புவியியலும் படித்தார். தேர்வு எழுதி பாஸும் ஆனார். ஆனால் பட்டம் தரவில்லை. ஏன்னா அவர் பெண். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையாகப் பட்டம் கொடுக்க ஆரம்பித்ததே 1948-ல்தான்.

அடுத்தடுத்து வீட்டில் துக்கம். 1911-ல் அப்பா இறந்தார், 1913-ல் அக்கம்பக்கம் போல ஒட்டி வளர்ந்த சகோதரி இறந்தார். அந்த வருடம் அம்மாவுடன் இலங்கை வந்து போனார். மறுவருடம் தென்னாப்பிரிக்கா போயிருந்த நேரத்தில் முதல் உலகப்போர் வெடித்தது. கேப் டவுன் மருத்துவமனையில் தன்னார்வ செவிலியாக வேலை பார்த்தார். அதன்பிறகு மருத்துவம் படிப்பது என்று முடிவெடுத்து 1915-ல் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். டாக்டர் ஆனபோது வயது 32.

ஆனால் கிளினிக் எதுவும் வைக்கவில்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வகத்தில் உட்கார்ந்து, கர்ப்ப காலத்தில் உடம்புக்குள் என்ன மாறுகிறது என்று ஆராய ஆரம்பித்தார்.

பம்பாயில் செத்துப்போன கர்ப்பிணிகள்

1928-ல் பம்பாய்க்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. அங்கே கர்ப்பிணிகளுக்கு, குறிப்பாக நூல் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில், கடுமையான ஒரு ரத்தசோகை வந்து பலர் இறந்துகொண்டிருந்தார்கள். பிரசவ கால மரணங்களை ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர் மார்கரெட் பால்ஃபோர் இவரை அழைத்தார். ஹாஃப்கின் நிறுவனத்தில் வேலை.

இது சாதாரண இரும்புச்சத்து குறைபாடு மாதிரி இல்லை. இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சின்னதாகச் சுருங்கி வெளிறிப்போகும். இந்தப் பெண்களின் சிவப்பணுக்களோ மைக்ராஸ்கோப்பில் வழக்கத்தைவிட பெரிதாகத் தெரிந்தன. அணுக்கள் ஒழுங்காகப் பிரிந்து பெருக முடியாமல், பாதி வளர்ச்சியிலேயே ஊதிப்போய் நிற்கும் நிலை அது.

அந்தக் காலத்தில் டாக்டர்களின் முதல் சந்தேகம் கிருமி மேல்தான் போகும். வில்ஸும் கிருமியைத் தேடிப் பார்த்தார். ஆனால் அதோடு நிற்காமல், இந்தப் பெண்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்றும் விசாரித்தார். வெவ்வேறு சமூகங்கள், வெவ்வேறு வருமானம் என்று பிரித்துப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. ஏழை முஸ்லிம் குடும்பத்துப் பெண்களிடம் இந்த நோய் அதிகம். அவர்கள் தட்டில் காய், கீரை, பழம் மிகக் குறைவு. பெண்களுக்கு வயிறு நிறைந்ததா என்று கேட்பதும் தட்டில் என்ன இருந்தது என்று கேட்பதும் வேறு வேறு கேள்விகள். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் அவர் பிடித்துக்கொண்டார்.

குன்னூர் ஏன் முக்கியம்?

1929 ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரை வில்ஸ் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்து வேலை பார்த்தார். இந்தியாவில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கு அப்போது தலைமை இடமே அதுதான். ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் அங்கே எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாடுகளைக் கொடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். முழு கோதுமை, பால், பருப்பு, காய்கறி சாப்பிட்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியையே பெரும்பகுதியாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பாடு கொடுத்த எலிகள் வரிசையில் பின்னால் நின்றன. நமக்குக் கேட்க கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் குறை அரிசியில் மட்டும் இல்லை, அரிசியோடு வேறு எதுவும் போதுமான அளவு இல்லாததில்தான்.

அதே குன்னூர் ஆய்வகம்தான் பின்னாளில் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நமக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சத்து வேண்டும் என்று அட்டவணை போட்டுத் தருவது அவர்கள்தான்.

குரங்கு, மார்மைட், திருவல்லிக்கேணி

வில்ஸ் முதலில் எலிகளில் சோதனை செய்தார். அந்த முடிவுகளில் எலிப்பேன் மூலம் பரவிய ஒரு தொற்று குழப்பம் செய்தது. பிறகு குரங்குகளுக்குப் போனார். பம்பாய்ப் பெண்கள் சாப்பிட்ட மாதிரியான உணவைக் கொடுத்ததும் குரங்குகளுக்கும் அதே பெரிய அணு ரத்தசோகை வந்தது. அவற்றுக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார். மார்மைட் என்பது பீர் காய்ச்சும்போது மிஞ்சும் ஈஸ்ட்டில் இருந்து செய்யும், உப்புக் கரிக்கும் கருப்புப் பசை. ஆங்கிலேயர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மலிவான பொருள். ரத்தம் ஊற ஆரம்பித்தது.

அப்புறம் பெண்களுக்கும் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931 ஜூனில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்த ஆய்வு வெளியானது. இந்தத் தொடர் ஆய்வுகளில் மேத்தா, தல்பாடே, பிலிமோரியா என்று இந்திய ஆய்வாளர்கள் பெயரும் அவரோடு சேர்ந்து வருகிறது. இதைச் சொல்லாமல் எழுதும் கட்டுரைகள்தான் அதிகம்.

அதே 1931-ன் தொடக்கத்தில் அவர் சென்னையில் இருந்தார். திருவல்லிக்கேணியில் அப்போதைய விக்டோரியா சாதி மற்றும் கோஷா மருத்துவமனையில் வேலை. கோஷா என்றால் ஆண் டாக்டர்களிடம் போக முடியாத, திரைக்குள் இருந்த பெண்கள். இன்றைக்கு அதுதான் அரசு கஸ்தூர்பா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை. விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தும் எத்தனையோ பேர் போய் வந்த இடம், பலருக்கும் அந்த வாசல் தெரிந்திருக்கும்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். அன்று ரத்தசோகைக்கு ஈரல் சாறுதான் பெரிய மருந்து. சுத்திகரித்த ஈரல் சாறு, பெர்னிசியஸ் அனீமியா என்ற வேறொரு நோயைக் குணமாக்கியது. ஆனால் வில்ஸின் நோயாளிகளுக்கு அது வேலை செய்யவில்லை. சுத்திகரிக்காத ஈரல் சாறு வேலை செய்தது, ஈஸ்ட்டும் வேலை செய்தது. அப்படியென்றால் இரண்டு நோயும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரிந்தாலும் குறைவது வெவ்வேறு சத்துகள் என்பது தெளிவானது. பெயர் தெரியாத அந்தச் சத்தை வில்ஸ் காரணி என்றே டாக்டர்கள் அழைத்தார்கள்.

1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சுமார் 4 டன் பசலைக்கீரையில் இருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் ஃபோலியம் என்றால் இலை. நம்ம பாஷையில் கீரை அமிலம் என்றே சொல்லலாம். 1945 வாக்கில் அதை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்த லெடர்லி நிறுவனக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லப்பிரகட சுப்பாராவ், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். வில்ஸ் தேடிய சத்து இதுதான் என்பது அதன்பிறகு உறுதியானது.

கார் வேண்டாம், சைக்கிள் போதும்

இந்தியாவில் இருந்து திரும்பிய வில்ஸ் சும்மா இருக்கவில்லை. 1937-ல் கடல் விமானத்தில் கராச்சி வந்து, அங்கிருந்து கப்பலில் பம்பாய் போய் மறுபடி 10 வாரம் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப்போரில் லண்டனில் உணவு ரேஷன் வந்தபோது, கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக இரும்புச்சத்து கொடுத்தால் ரத்த அளவு எப்படி இருக்கிறது என்று ஆய்வு செய்தார். இன்றைக்கு நாம் வாங்கும் மாத்திரையில் இருக்கும் இரண்டு சத்துகளிலும் அவர் கை பட்டிருக்கிறது.

1947-ல் ஓய்வு. அதற்குப் பிறகும் ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று போய் ரத்தசோகையை ஆராய்ந்தார். லண்டன் செல்சியில் தொழிற்கட்சி கவுன்சிலராக 10 வருடம் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலைக்கு சைக்கிளில் போவார், விடுமுறைக்கு மலை ஏறப் போவார். 1964 ஏப்ரல் 16-ல் இறந்தபோது வயது 75. 2019-ல் பிறந்தநாளுக்கு கூகுள் டூடுல் போட்டது. அப்போதுதான் பலர் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

வயசு மாறினால் குறையும் மாறும்

வில்ஸ் கண்டுபிடித்ததில் இன்றைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தேவைப்படுவது இதுதான்: ரத்தம் கம்மி என்பது ஒரே நோய் இல்லை.

மாதவிடாய் வரும் வயதில் முதல் பிரச்சினை இரும்பு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு போதும், பெண்ணுக்கு 29 வேண்டும். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று யோசித்தால் இந்தக் கணக்கு எவ்வளவு தலைகீழாக நடக்கிறது என்று புரியும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் உடம்பில் இரும்பு சேருவது குறையும், எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடும்.

குழந்தைக்குத் திட்டமிடும்போது ஃபோலேட் முன்னால் வருகிறது. வழக்கமான தேவை 220 மைக்ரோகிராம் என்றால் கர்ப்பத்தில் 570. குழந்தையின் முதுகுத்தண்டு உருவாவது கர்ப்பத்தின் முதல் சில வாரங்களில், பலருக்கு நாள் தள்ளிப்போனதே தெரியாத நேரத்தில். கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் எடுத்தால் முதுகுத்தண்டு குறைபாடுகள் பெருமளவு குறையும் என்று 1991-ல் பிரிட்டன் ஆய்வு நிரூபித்தது. சாப்பாட்டில் கீரை, பாசிப்பயறு, காராமணி, நம்ம பக்கத்து மல்லாட்டை எல்லாவற்றிலும் ஃபோலேட் உண்டு. கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதில் பாதிச் சத்து போய்விடும். கோட்டைக்குள் இருக்கும் பெரிய நெற்களஞ்சியத்தில் நெல்லை வருடக்கணக்கில் சேர்த்து வைக்கலாம், கீரைச் சத்தை அப்படிச் சேர்க்க முடியாது. உடம்பிலும் அதன் இருப்பு சில மாதங்களுக்குத்தான்.

மாதவிடாய் நின்ற பிறகு கதை மாறுகிறது. எலும்பு தேய்மானம் வேகமெடுக்கும். கால்சியம் தேவை 1,000-ல் இருந்து 1,200 மில்லிகிராமாக உயர்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்குப் பக்கம் இருக்கிறது, மீதிக்குப் பால், மோர், நெத்திலி. கூடவே வைட்டமின் டி-க்குக் கொஞ்சம் வெயில்.

இந்த வயதில் மாதாமாதம் ரத்தம் போவதில்லை. அப்படியும் ஆயாவுக்கு ரத்தம் கம்மி என்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். வயிறு, குடலில் ரத்தக்கசிவு இருக்கலாம், சிறுநீரகப் பிரச்சினை இருக்கலாம், வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம். வயதாக ஆக வயிற்றில் அமிலம் குறைந்து பி12 சேருவது குறையும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் குறையலாம். பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் பி12 இருக்கிறது, கீரையில் இல்லை.

இங்கேதான் ஒரு ஆபத்து. மருமகளுக்குக் கொடுத்த சத்து மாத்திரையை மாமியாரும் எடுத்துச் சாப்பிடுவது பல வீடுகளில் நடக்கும். பி12 குறைபாடு உள்ளவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் தொடர்ந்து கொடுத்தால் ரத்த ரிப்போர்ட் சரியாகிவிட்ட மாதிரி காட்டும். நரம்பு பாதிப்பு மட்டும் உள்ளுக்குள் தொடரும். கால் மரத்துப்போவது, பாதம் எரிவது, நடையில் தள்ளாட்டம், மறதி என்று வெளியே தெரியும்போது சில பாதிப்புகளைத் திருப்ப முடியாமல் போகலாம்.

அரசு மருத்துவமனையிலும் எடுக்கக்கூடிய சாதாரண முழு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். வில்ஸ் மைக்ராஸ்கோப்பில் பார்த்த சிவப்பணுவின் அளவுதான் அது. 80-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் இரும்புப் பக்கம் பார்க்க வேண்டும். 100-ஐத் தாண்டினால் மாத்திரை ஆரம்பிக்கும் முன் பி12, ஃபோலேட் இரண்டையும் பரிசோதிக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரும்பும் பி12-ம் சேர்ந்தே குறைந்திருந்தால் இந்த எண் நார்மல் மாதிரி தெரியும். அதனால் கால் மரத்துப்போகிறது என்றால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.