டாக்டர் சாமர்வெல்

நம்மவருக்குப் பனி என்றால் மார்கழி விடியலிற் புல் நுனியில் நின்று, சூரியன் சற்றே மேலேறியதும் மறைந்துபோகும் நீர்த்துளியேயாம். அது மலைச்சரிவிற் பல அடி கனத்திற்குக் குவிந்து, ஒரு கணத்திற் சரிந்து, மனிதரை விழுங்கவல்லது என்பதை நாம் புத்தக வாயிலாகவே அறிவோம். அதனைக் கண்ணாரக் கண்டு, அதன் துயரை நெஞ்சிற் சுமந்து, தென்கோடியிலுள்ள நெய்யூருக்கு வந்து சேர்ந்த ஒருவரின் சரித்திரத்தை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

தியடோர் ஹவார்டு சாமர்வெல் 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் இங்கிலாந்தின் வடபாகத்திலுள்ள கெண்டல் என்னும் ஊரில், பாதரட்சைத் தொழிலாற் செழித்த குடும்பத்திற் பிறந்தார். ரக்பி பாடசாலையிலும் கேம்பிரிட்ஜிலுள்ள கீஸ் கல்லூரியிலும் கற்று, இயற்கை நூல்களில் முதல் வகுப்பில் தேறி, இலண்டனில் வைத்தியம் பயின்றார். முதல் உலக யுத்தத்தின்போது பிரான்சு தேசத்தில் ரண வைத்தியராக இருந்து, 1916-இல் சோம் யுத்தத்திற் காயம்பட்டோர் ஆயிரக்கணக்கிற் கிடந்த கோரத்தைக் கண்டார். சித்திரம், சங்கீதம், மலையேற்றம் என்னும் மூன்றிலும் அவருக்குப் பெருவிருப்பம். இவற்றுள் மூன்றாவதே அவரை இமயத்திற்கு இழுத்து வந்தது.

1922-இல் எவரெஸ்ட் சிகரத்தை எட்ட முயன்ற ஆங்கிலேயர் குழுவில் அவரும் ஒருவர். மே மாதத்தில் மாலரி, நார்ட்டன் என்போருடன் பிராணவாயுக் கருவியின்றி ஏறக்குறைய 27,000 அடி உயரம் வரை ஏறித் திரும்பினார். அதற்குமுன் மனிதர் எவரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. அத்துடன் நிறுத்தியிருக்கலாம் என்று இன்று கூறுவது எளிது. பருவமழைக் காலம் நெருங்க, ஜூன் முதல் வாரத்திற் புதுப்பனி மிகுதியாகப் பெய்தது. எனினும் மற்றுமொருமுறை முயல்வதென்று துணிந்தனர்.

பனிச்சரிவு நிகழும் விதத்தைச் சிறிது சொல்லவேண்டும். புதிதாய்ப் பெய்த பனி, கீழேயுள்ள பழம்பனியோடு உடனே ஒட்டிக்கொள்வதில்லை. காற்று அதனைக் கொணர்ந்து குவித்து மேலே பலகைபோல இறுக்கிவிடுதலும் உண்டு. அவ்வாறு இறுகிய அடுக்கு, பார்வைக்கு உறுதியாகத் தோன்றினும், அடியிற் பிடிப்பற்றிருக்கும். முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை வரை சாய்ந்த சரிவுகளே பெரும்பாலும் அபாயமானவை. மிகச் செங்குத்தான இடத்திற் பனி சேர்ந்து தங்குவதில்லை. ஒருவர் மிதிப்பதும் போதும், அப்பலகை முழுவதும் பிளந்து வழுக்கிவிடும். பெரும்பனி பெய்தபின் சில நாள் பொறுத்திருத்தல் வேண்டும் என்பது மலையேறுவோர் நன்கறிந்த விதி.

ஜூன் 7-ஆம் நாள் மாலரி, சாமர்வெல், கிராபோர்டு ஆகிய மூவரும் சுமை தூக்கும் மலைவாசிகள் பதினால்வரும் நான்கு கயிறுகளிற் பிணைந்து, வடகணவாய்க்குச் செல்லும் சரிவில் ஏறினர். வழியிற் செங்குத்தானதோர் இடத்தில் பனியை மிதித்துச் சோதித்தனர். அது அசையவில்லை. செங்குத்தான இடமே நின்றதால், மேலேயுள்ள சாய்வு குறைந்த பகுதிக்கு அச்சமில்லை என்று எண்ணினர். பிழை இவ்விடத்திலேயே என்பது நம் கருத்து. ஓரிடத்துப் பனி மற்றோரிடத்துப் பனிக்குச் சாட்சியாகாது. பிற்பகல் ஒன்றரை மணியளவில் ஓர் ஓசை கேட்டது. சரிவு முழுவதும் நகர்ந்தது. முதற்கயிற்றிலிருந்த மூவரும் அவர்களோடிருந்த ஒரு மலைவாசியும் சிறிது தூரம் இழுக்கப்பட்டு, பனியினின்று வெளிப்பட்டனர். பின்வந்தோரில் ஒன்பதின்மர் பனிக்கட்டிச் சுவரொன்றைக் கடந்து கீழேயிருந்த பிளவில் வீழ்ந்தனர். இருவரையே உயிரோடு தோண்டி எடுக்க முடிந்தது. லாக்பா, நூர்பு, பசாங், பெமா, சாங்கே, டோர்ஜே, டெம்பா என்னும் எழுவர் மாண்டனர். இவர்கள் பெயரைப் பல நூல்கள் சொல்லாது விடுதலின், நாம் இங்கே எழுதினோம்.

தலைவர்கள் பிழைக்க, அவர்களை நம்பி வந்தவர்கள் மட்டும் இறந்தது சாமர்வெல்லின் மனத்தை அறுத்தது. வெள்ளையருள் ஒருவரேனும் அவர்களோடு மடிந்திருந்தால், ஆபத்திற் பங்குகொண்டோம் என்பதை அம்மலைவாசிகள் அறிந்திருப்பரே என்று அவர் ஏங்கினார். இவ்வேக்கத்தைப் பின்னாளிலும் அவர் ஒளித்ததில்லை.

மலையினின்று இறங்கி, இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர், அக்காலத்துத் தென் திருவிதாங்கூரிலிருந்த நெய்யூர் மிஷன் வைத்தியசாலைக்கு வந்தார். திரள் திரளாய்க் காத்திருந்த நோயாளரையும், களைத்துப்போன வைத்தியரையும் கண்டார். கையிற் கத்தியெடுத்து உதவத் தொடங்கியவர், இலண்டனிற் கிடைக்கவிருந்த உயர்பதவியை விட்டு, 1923-இல் நெய்யூரையே தம் பணிக்களமாகக் கொண்டார்.

1924-இல் மீண்டும் எவரெஸ்டிற்குச் சென்றார். மே 24-ஆம் நாள் அதே வடகணவாயில் சுமையாளர் நால்வர் இறங்க அஞ்சி மேலே தங்கிவிட்டனர். பனியோ மீண்டும் நம்பத்தகாத நிலையில் இருந்தது. நார்ட்டன், மாலரி, சாமர்வெல் மூவரும் சிகரம் ஏறுதற்கு வைத்திருந்த பலத்தையெல்லாம் செலவிட்டு மேலே சென்றனர். கயிற்றில் கட்டுண்டு அபாயமான சரிவைக் குறுக்கே கடந்தவர் சாமர்வெல். கயிறு ஏறக்குறைய முப்பதடி குறைந்தது. முதலிருவர் அவரை வந்தடைந்தனர். மற்ற இருவரும் ஒருங்கே புறப்பட, காலடிப் பனி பெயர்ந்து வழுக்கிச் சற்றுக் கீழே நின்றனர். சாமர்வெல் பனிக்கோடரியைப் பனியில் ஊன்றி, இடுப்புக்கயிற்றை அவிழ்த்து அதிற் சுற்றி, அதன் முனையை ஒரு கையிற் பற்றி, மறுகையை நீட்டி ஒவ்வொருவரையும் பிடரியிற் பிடித்து மேலே இழுத்தார். நால்வரும் உயிரோடு இறங்கினர்.

அதன்பின் ஜூன் 4-ஆம் நாள் நார்ட்டனுடன் ஏறுகையில், ஏறக்குறைய 28,000 அடியில் தொண்டைப் புண்ணால் மூச்சு முட்டி அவர் நிற்க நேர்ந்தது. நார்ட்டன் மட்டும் 28,126 அடி வரை சென்றார். இறங்கும்போது, குளிரால் வெந்துபோன தொண்டைச் சவ்வு கழன்று மூச்சுக்குழலை அடைத்துவிட, சாமர்வெல் பனியில் அமர்ந்து இறப்பை எதிர்நோக்கினார். கடைசியாகத் தம் மார்பைக் கைகளால் அழுத்தி அதனை வெளியே தள்ளிப் பிழைத்தார். நான்கு நாட்களுக்குப்பின் மாலரியும் இர்வினும் மேகத்துள் மறைந்தனர். மாலரி கொண்டுசென்ற புகைப்படக் கருவி சாமர்வெல் கொடுத்ததேயாம்.

நெய்யூருக்குத் திரும்பியவர் கால்நூற்றாண்டு அங்கே உழைத்தார். குடற்புண் ரண சிகிச்சையில் அவர் பெயர் எங்கும் பரவியது. பின்னர் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் 1961 வரை போதித்து, தாய்நாடு சென்று, 1975-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் காலமானார். அவர் தீட்டிய இமயமலைச் சித்திரங்கள் பல இன்றும் உள.