காதின் ரகசியம் கண்ட டெலிபோன் விஞ்ஞானி

டெலிபோனில் குரல் தெளிவாகக் கேட்கவில்லை என்றால் கருவியைக் குறை சொல்வோம். கம்பியைக் குறை சொல்வோம். கேட்கிற காது எப்படி வேலை செய்கிறது என்று நாம் யோசிப்பதில்லை. ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன் ஹங்கேரி நாட்டுத் தபால் இலாகாவில் வேலை பார்த்த ஓர் இளைஞர் அதை யோசித்தார். அந்த யோசனை அவருக்கு வைத்தியத் துறைக்கான நோபல் பரிசையே தேடித் தந்தது. இத்தனைக்கும் அவர் வைத்தியம் படித்தவர் அல்ல!

அவர்தான் ஜார்ஜ் வான் பெக்கேசி.

1899-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி புடாபெஸ்ட் நகரில் பெக்கேசி பிறந்தார். தந்தை தூதரக உத்தியோகஸ்தர். ஆகவே, பிள்ளையின் படிப்பு புடாபெஸ்ட், மியூனிக், கான்ஸ்டான்டிநோபிள், சூரிச் என்று பல ஊர்களில் நடந்தது. உத்தியோக நிமித்தம் ஊர் விட்டு ஊர் போகும் குடும்பங்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்த பெக்கேசி, 1923-ல் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரியில் அப்போது வறுமை. ஆராய்ச்சிக்கு வேண்டிய நல்ல கருவிகள் தபால் இலாகாவின் டெலிபோன் ஆராய்ச்சிக் கூடத்தில்தான் இருந்தன. பெக்கேசி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 1946 வரை அதுவே அவருடைய பட்டறை. இடையில் ஓராண்டு பெர்லினில் சீமன்ஸ் நிறுவனத்தில் இருந்தார்.

டெலிபோனைச் சீர்திருத்த வேண்டும், எங்கே தொடங்குவது? இதுதான் அவர் முன் இருந்த கேள்வி. கருவியின் தகட்டையும் மனிதனின் செவிப்பறையையும் ஒப்பிட்டார். இயற்கையின் கருவி பல மடங்கு உயர்ந்தது என்று கண்டார். அதிலிருந்து அவர் கவனம் டெலிபோனை விட்டுக் காதுக்குள் புகுந்துவிட்டது.

நத்தைக்கூட்டுக்குள் என்ன?

வெளியே தெரியும் காது மடல் ஒரு புனல்தான். ஒலி உள்ளே போய்ச் செவிப்பறையை அதிரச் செய்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிறு எலும்புகள் அந்த அதிர்வை உட்காதுக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் எலும்புக் குழல் இருக்கிறது. அதன் பெயர் காக்ளியா. உள்ளே திரவம். அதன் நெடுகிலும் சுமார் 35 மில்லி மீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய சவ்வு ஓடுகிறது. சவ்வின் மேல் வரிசை வரிசையாக ரோம செல்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் மிக நுண்ணிய ரோமக் கற்றை உண்டு. இத்தாலியர் அல்பான்சோ கார்ட்டி இந்த அமைப்பை 1851-ல் விவரித்தார்.

ஆனால், தாழ்ந்த சுருதியையும் உயர்ந்த சுருதியையும் காது எப்படிப் பிரித்து அறிகிறது? ஜெர்மன் மேதை ஹெல்ம்ஹோல்ட்ஸ், பியானோவின் தந்திகள் போலச் சவ்வின் நார்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதிக்கு அதிர்கின்றன என்று சொல்லியிருந்தார். சொன்னாரே தவிர, அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

பார்த்துவிடுவது என்று பெக்கேசி தீர்மானித்தார்.

காக்ளியா, உடம்பிலேயே மிகக் கடினமான எலும்புகளில் ஒன்றுக்குள் புதைந்து கிடக்கிறது. உயிருள்ள மனிதனிடம் அதைத் திறந்து பார்க்க முடியாது. ஆகவே, இறந்தவர்களின் காது எலும்புகளைப் பெற்றார். நுண்ணிய துளைக் கருவிகளைத் தாமே செய்துகொண்டார். தண்ணீருக்குள் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடியே எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தார். உள்ளிருந்த மெல்லிய சவ்வின் மேல் வெள்ளித் துகள்களைத் தூவினார். ஒலியைச் செலுத்தி, விட்டு விட்டு ஒளிரும் விளக்கொளியில் துகள்களின் அசைவைக் கவனித்தார்.

அவர் கண்டது பியானோ அல்ல; ஓர் அலை! கயிற்றின் ஒரு முனையை உதறினால் அலை ஓடுவதுபோல், சவ்வின் அடிமுனையில் தொடங்கிய அலை நுனியை நோக்கி ஓடியது. போகப் போக உயர்ந்து, ஓர் இடத்தில் உச்சத்தை அடைந்து, அப்புறம் அடங்கியது. உயர்ந்த சுருதியானால் உச்சம் அடிமுனை அருகே. தாழ்ந்த சுருதியானால் நுனி அருகே. சவ்வு அடியில் குறுகலாகவும் விறைப்பாகவும், நுனியில் அகலமாகவும் தளர்வாகவும் இருப்பதே இதற்குக் காரணம்.

இதைப் பற்றிய முதல் கட்டுரை 1928-ல் வெளிவந்தது. சோதனைகள் அதோடு நிற்கவில்லை. எலியின் காது முதல் யானையின் காது வரை அவர் ஆராய்ந்தார்.

நோபல் பரிசு

இரண்டாவது உலகப் போரில் புடாபெஸ்ட் சீரழிந்தது. 1946-ல் பெக்கேசி ஸ்வீடனுக்குச் சென்று கரோலின்ஸ்கா நிலையத்தில் பணியாற்றினார். அங்கே செவித்திறனை அளக்கும் ஒரு புதிய கருவியை உருவாக்கினார். ஒலி கேட்டால் நோயாளியே பொத்தானை அழுத்துவார், கேட்காவிட்டால் விட்டுவிடுவார். அவருடைய காதின் நிலையைப் பேனா தானாகவே கோடாக வரைந்துவிடும்.

1947-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை வரவேற்றது. 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1966-ல் ஹவாய்த் தீவுக்குக் குடிபெயர்ந்தார். 1972-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி ஹொனலூலு நகரில் காலமானார். கடைசிவரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஆசையோடு சேர்த்த கலைப் பொருள்களை நோபல் நிறுவனத்துக்கே எழுதி வைத்தார்.

செத்த காதும் உயிருள்ள காதும்

அவருடைய ஆராய்ச்சியில் ஒரு குறை இருந்தது. அவர் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை இறந்தவர்களின் காதுகள். அசைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அவர் செலுத்திய ஒலியும் காதைப் பிளக்கும் பேரொலி. அவர் கண்ட அலையின் உச்சம் அகன்று மழுங்கியிருந்தது. அப்படியானால், மிக நெருங்கிய இரு சுருதிகளை நாம் பிரித்தறிவது எப்படி?

காதுக்குள் ஒலியைப் பெருக்கும் சக்தி ஏதோ இருக்க வேண்டும் என்று 1948-லேயே தாமஸ் கோல்டு என்ற விஞ்ஞானி கூறினார். அது அன்று எடுபடவில்லை. 1971-ல் வில்லியம் ரோடு என்பவர் உயிருள்ள குரங்கின் காதில் அளந்து பார்த்தார். மெல்லிய ஒலிக்குச் சவ்வு எதிர்பார்த்ததை விட மிகக் கூடுதலாக அசைந்தது; உச்சமும் கூர்மையாக இருந்தது. விலங்கு இறந்ததும் அந்தக் கூர்மை மறைந்துவிடுகிறது என்பது பின்னர் தெரிந்தது. 1978-ல் டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேயர் இன்னும் பெரிய அதிசயத்தைக் கண்டார். காது ஒலியைக் கேட்பதோடு நிற்பதில்லை. மிக மெல்லிய ஒலியைத் தானே வெளியிடவும் செய்கிறது!

எல்லாம் ரோம செல்களின் வேலை. ஒரு காதில் அவை சுமார் 15,000-தான் இருக்கின்றன. உள்வரிசையில் சுமார் 3,500. வெளி வரிசைகள் மூன்றிலும் சேர்ந்து சுமார் 12,000. சவ்வு அசையும்போது ரோமக் கற்றை சாய்கிறது. சாய்ந்ததும் நுண்ணிய வாசல்கள் திறக்கின்றன. மின்னூட்டம் கொண்ட பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. உள்வரிசை செல்கள் இச்செய்தியை நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. வெளிவரிசை செல்களோ ஒலிக்கு ஏற்ப நீண்டும் சுருங்கியும் அலைக்கு வலுவூட்டுகின்றன. செத்த காதில் இந்த ஆட்டம் இல்லை. பெக்கேசி கண்ட அலை மழுங்கியிருந்ததற்கு முக்கியமான காரணம் அதுதான்.

அலை ஓடுகிறது என்பதும், சுருதிக்கு ஓர் இடம் உண்டு என்பதும் இன்றும் நிற்கின்றன. செவிட்டுத் தன்மையுடன் பிறக்கும் குழந்தைகளுக்குக் காக்ளியாவுக்குள் மின்கம்பி பொருத்துகிறார்களே, அது இந்த உண்மையின் மேல் எழுந்ததுதான். எந்த இடத்தில் மின்சாரம் தட்டுகிறதோ, அந்த இடத்துக்கு உரிய சுருதி கேட்கிறது.

இழந்தால் மீளுமா?

ரோம செல்களுக்குப் பகைவர்கள் பலர். பேரிரைச்சல், முதுமை, ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகள், சில புற்றுநோய் மருந்துகள் எல்லாம் அவற்றை அழிக்கின்றன. பெரும்பாலும் அடிமுனையில் உள்ளவையே முதலில் சாகின்றன. ஆகவே, உயர்ந்த சுருதிகள் முதலில் போகின்றன. குரல் கேட்கும், சொல் புரியாது. மனிதனுக்கு, செத்த ரோம செல் மறுபடி முளைப்பதில்லை.

பறவைகள் பாக்கியசாலிகள். இரைச்சலால் ரோம செல்களை இழந்த கோழிக்குஞ்சுக்கு அவை மீண்டும் முளைப்பதை 1980-களின் பிற்பாதியில் விஞ்ஞானிகள் கண்டனர். பக்கத்தில் நிற்கும் தாங்கு செல்கள் பிரிந்தும் உருமாறியும் புதிய ரோம செல்கள் ஆகின்றன. நமக்கும் தாங்கு செல்கள் உண்டு; ஆனால் அவை உறங்குகின்றன. மருந்தால் அவற்றை எழுப்ப முடியுமா என்று முயல்கிறார்கள். அப்படி ஒரு மருந்தைச் சோதித்த அமெரிக்க நிறுவனம், 2023-ல் பலன் தெரியவில்லை என்று அதைக் கைவிட்டது. வேறு முயற்சிகள் தொடர்கின்றன.

ஆகவே, இருப்பதைக் காப்பதுதான் இப்போதைக்கு வழி. 85 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரம் என்பதே தொழிற்சாலைகளுக்கு நிபுணர்கள் பரிந்துரைக்கும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. இயந்திரங்களின் நடுவே நிற்பவர்கள் காதடைப்பான் அணிவதை வெட்கமாக நினைக்கக் கூடாது. செவியில் பொருத்தும் கருவியில் பாட்டுக் கேட்பவர்கள் ஒலியைக் குறைத்து வைப்பது நல்லது.

பெக்கேசி ஆராய்ந்து பார்த்த அந்த 35 மில்லி மீட்டர் சவ்வின் மேல், பிறந்தபோது கிடைத்த சுமார் 15,000 செல்கள்தான் நம் செவிச் செல்வம். செலவழித்தால் வரவு வைக்க வழி இன்னும் பிறக்கவில்லை.